களிமண் ஒட்டாத தொப்பி

கணவனின் கோட்டுப் பையில் கிடந்த பாஸ்டித் துண்டைத் தாம்சின் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மாவின் மூலையில் 'எல்' என்று ஓர் எழுத்து கீறியிருந்தது.

கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டியின் மூலையில், சாப்பிடுகிறவனின் முதல் எழுத்தைக் கீறி அனுப்புவது அந்தத் தகரச் சுரங்க ஊரின் வழக்கம். ஜேபஸுக்கு அவள் தினமும் 'ஜே' என்றுதான் கீறினாள். இந்த எல் யார்?

ஆணியில் தொங்கிய அவன் தொப்பியை எடுத்தாள். சுரங்கத்தில் இறங்குகிறவன் தொப்பியின் முன்பக்கம் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்வான். இந்தத் தொப்பியில் களிமண்ணும் இல்லை, உருகிய மெழுகும் இல்லை.

அவன் கீழே இறங்குவதே இல்லை. அப்படியென்றால் பகலெல்லாம் எவள் வீட்டில் இருக்கிறான்?

தகரத்தின் விலை விழுந்ததிலிருந்து, பிழைக்க எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தவிர இங்கிலாந்தின் கார்ன்வாலில் வேறு பேச்சே கிடையாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தா, அமெரிக்காவின் மிச்சிகனா, ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கா என்று பக்கத்து ஊர்ச் சந்தையைப் பேசுவது போலப் பேசினார்கள். பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. மனைவியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் பெண்கள் இருந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை சர்ச்சுக்குக் கப்பல் ஏஜென்ட் வர்றான். குவீன்ஸ்லாந்துக்குப் பேர் குடுத்துடலாமா?"

"ஜோகன்னஸ்பர்க்னு சொல்லிட்டேன்ல."

"அது நீ மட்டும் போற ஊரு. குவீன்ஸ்லாந்துன்னா நானும் பிள்ளைங்களும் வரலாம். கப்பல் செலவு அரசாங்கத்தோடது. ஏத்துறதுக்கு முன்னாடி டாக்டர் எல்லாரையும் சோதிக்கிறாராம், கப்பல்லயும் கூடவே ஒரு டாக்டர் வர்றாராம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"பாம்பு. அங்க அதுவும் இருக்கு."

"ஆப்பிரிக்காவுல பாம்பெல்லாம் பைபிள் படிக்குதா?"

அவன் ரொட்டியைக் குழம்பில் அமுக்கினான்.

"சரி, மிச்சிகன் போலாம். உங்கண்ணன் இருக்கான்."

"பிள்ளைங்க டிக்கெட்டுக்கு எவன் குடுப்பான்? அந்தக் குளிரும் எனக்கு ஆகாது. ஜோகன்னஸ்பர்க்ல இங்க வாங்குறதப்போல மூணு மடங்கு கூலி. மாசாமாசம் உன் கைக்கு வந்துடும்."

"பக்கத்து வீட்டுக் கெசையாவுக்கும் மாசாமாசம்தான் வந்துச்சு. இப்ப அவ புருஷன் அங்க இன்னொருத்திகிட்டப் பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கான்."

"நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

"அவனும் இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் சொன்னான்."

ஜேபஸ் தட்டைத் தள்ளிவைத்தான். "ரெண்டு வருஷம் தாங்கினா போதும்டி. பிள்ளைங்க தேறிடும்."

தாங்க வேண்டியது தான்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாஸ்டித் துண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் பொய் வரும். நேரில் பார்த்தால் வராது.

மறுநாள் காலை கடைக்குட்டியைக் கெசையாவிடம் விட்டுவிட்டு அவன் பின்னால் போனாள். மேட்டின் பாதியில் இருந்த வேலியின் மரக்கதவில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அவன் கடலைப் பார்த்து நின்றான். இவனுக்கு எந்தக் காலத்தில் கடல் பிடித்தது? எவளுக்கோ காத்திருக்கிறான்.

யாரும் வரவில்லை. அவன் மறுபடி நடந்தான். ஏணி இறங்கும் குழிப் பக்கம் திரும்பாமல், பெண்கள் சுரங்கக் கல் உடைக்கிற கொட்டகைக்குள் நுழைந்தான்.

தாம்சின் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளைத் துணித் தொப்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"எல்லுன்னு பேர் ஆரம்பிக்கிறவ எவடி இங்க?"

ஒருத்தி சுத்தியலோடு எழுந்து நின்றாள். அறுபது வயசு இருக்கும், வாயில் இரண்டு பல்.

"லவீனியா. என்னடி வேணும் உனக்கு?"

"என் புருஷன் பையில உன் பாஸ்டி இருந்துச்சு."

"ஓ, அந்தத் திருடன் உன் புருஷனா? ரெண்டு பாஸ்டியும் இங்க அடுப்புல சூடாயிட்டு இருந்துச்சு. எழுத்தைப் பாக்காம என்னோடதைத் தூக்கித் தின்னுட்டான். உன்னோடதை நான் தின்னேன். நீ உப்புப் போடவே மாட்டியா?"

கொட்டகையே சிரித்தது. தாம்சின் சிரிக்கவில்லை. கடைசிக் கல்லின் மேல், பெண்கள் பிடிக்கிற சின்னச் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு ஜேபஸ் உட்கார்ந்திருந்தான். அங்கே இருந்த ஒரே ஆண் அவன்தான்.

"குழியில இருக்க வேண்டியவன் பொம்பளைங்க நடுவுல என்னய்யா பண்ற? என்கிட்ட ஏன் சொல்லல? சனிக்கிழமையே குவீன்ஸ்லாந்துக்குப் பேர் குடுக்கறேன். நீயும் வர்ற."

அவன் எழுந்தான். இரண்டடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சுக்குள் ஈரச் சரளைக் கல்லைச் சல்லடையில் ஆட்டுவது போல ஒரு சத்தம். லவீனியா தரையைப் பார்த்தாள்.

மூச்சு திரும்பி வந்ததும் சொன்னான்.

"ஜோகன்னஸ்பர்க்ல யாரும் நெஞ்சைச் சோதிச்சுப் பாக்க மாட்டாங்கடி."