தாய்ப்பாறையோடு

“இது நெருப்புல உருகி ஆன கல்லுங்களா மேடம்?”

“உருகவே இல்லீங்க. வெறும் களிமண்ணு. பூமிக்குள்ள ஆழமாப் போயி, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கினு, கெட்டியா இருந்தபடியே கார்னெட்டுங்கற செவப்புக் கல்லா மாறிப்போச்சு.”

சில வருடங்களுக்கு முன், திருப்பதிக் கல்லூரிக் கண்காட்சியில் நாகேந்திரன் சாரும் என் அம்மா பிரமிளாவும் பேசிய முதல் பேச்சு இது.

அம்மா அங்கே நிலவியல் ஆசிரியை. சார் நகரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கல் சேகரிக்கும் பைத்தியம், மனைவியை இழந்தவர். என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறென்றால் நாங்கள் மூவரும் நாயுடுபேட்டைக்கு வடக்கே, பழைய மைக்கா சுரங்க மேடுகளில்தான்.

எனக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். திருச்சானூர் வீட்டில் அம்மா தனி.

அதற்குள் சார் அம்மாவிடம் கேட்டுவிட மாட்டாரா என்று எனக்குத் தவிப்பு. ஒவ்வொரு ஞாயிறும் வாயைத் திறப்பார். “வெயில் ஜாஸ்தி” என்று முடித்துவிடுவார்.

இன்று அவர்தான் முதலில் பார்த்தார். காக்காப்பொன் மினுங்கும் பாறையில், நெல்லிக்காய் அளவுக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு கார்னெட். யாரும் பட்டை தீட்டாமல், தானாகவே வளர்ந்த முகங்கள்.

“நோண்டாதீங்க சார்,” அம்மா ஓடி வந்தாள். “போன தடவ மாதிரி கல்லு ஒரு பக்கம், குழி ஒரு பக்கம்னு ஆக்கிடுவீங்க.”

கல், தான் வளர்ந்த தாய்ப்பாறையோடு வந்தால்தான் சேகரிப்பவர்களுக்கு அது பொக்கிஷம்.

நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கார்னெட்டிலிருந்து நன்றாகத் தள்ளி உளியை வைத்துத் தட்டினார்.

டக்கென்று பலகை போலப் பெயர்ந்து வந்தது. கார்னெட் அசையவே இல்லை. அம்மா சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

இப்போது கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் டிபன் கேரியர் மூடியைத் துடைத்து, அதில் கல்லை வைத்தார். பக்கத்தில் இரண்டு வாழைப்பழம். சட்டைப் பையிலிருந்து வெற்றிலை பாக்கு. எத்தனை ஞாயிறாகக் கொண்டுவருகிறாரோ.

மூடியை ஏந்திக்கொண்டு அம்மாவைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உங்க வீட்ல கேக்கறதுக்குன்னு நீ ஒருத்திதானம்மா இருக்க,” என்றார். “உங்க அம்மாவப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். குடுப்பியா?”