எடை போட்ட தோட்டா

அமெரிக்காவின் மொன்டானாவில் ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி சுடும் போட்டி. ஆர்வில் ஒவ்வொரு பித்தளைக் கூட்டையும் வெடிமருந்தையும் எடை போட்டுத்தான் தோட்டா செய்வான். அவன் மனைவி வெர்னாவோ, மற்றவர்கள் சுட்டுப் போட்ட கூடுகளைப் பொறுக்கி, மருந்தைக் கரண்டியால் அள்ளிப் போடுவாள்.

இருவரும் அருகருகே படுத்து, அவன் பெரிய துப்பாக்கியாலும் அவள் சின்னத் துப்பாக்கியாலும், ஆளுக்கொரு அட்டையைக் குறிவைத்து ஐந்தைந்து முறை சுட்டார்கள். நடுவர் இலக்கு அட்டைகளைக் கொண்டுவந்தார். வெர்னாவின் அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

“குப்பையில பொறுக்கினா இப்படித்தான்!” என்று சிரித்தான் ஆர்வில். “என் அட்டையப் பாரு, நட்டநடுவுல அஞ்சும் ஒண்ணா! எடை போட்ட மருந்துடி!”

நடுவர் தலையைச் சொறிந்தார். “ஆர்வில், ஓரத்துல சிதறிக் கிடக்கற பெரிய ஓட்டை அஞ்சும்தான் உன் துப்பாக்கியோடது. நடுவுல இருக்கறது சின்னத் துப்பாக்கி சுட்டது.”

வெர்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அடடா, உன் அட்டையிலயா சுட்டுத் தொலைச்சேன்? பரவால்ல மனுஷா, அடுத்த வாரமும் அங்கயே சுடறேன். நீயும் நல்லா சுட்ட மாதிரி இருக்கும்!”