பத்தில் மூன்று குழி

கருத்தக்கண்ணன் வயல் பத்திரத்தைத் துண்டில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கூடாரத்து வாசலில் அவரைப் பார்த்தபோது சர்வேயர் பொன்னுராஜுக்குக் கோபம்கூட வரவில்லை. இவரும் கிளம்பிவிட்டார் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அது முப்பத்தேழாம் வருஷம். பொட்டிப்புரம் மலையடியில் காக்காப்பொன் என்கிற மைக்கா தேடி ஒரு கம்பெனி பத்துக் குழி தோண்டியிருந்தது. மூன்றில்தான் அகப்பட்டது. மலைக்குள் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, போட்டது முழுகினாலும் முழுகும் என்று பொன்னுராஜ் கம்பெனிக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினார். கம்பெனியில் பங்கு வாங்கலாமா என்று கேட்டு வந்த ஊர்க்காரர்களிடமும் வாய் வலிக்க அதையே சொன்னார்.

அவர்கள் தலையாட்டிவிட்டு நேரே போய்ப் பங்கு வாங்கினார்கள். எல்லாரும் மாட்டுச் சந்தையில் பழகியவர்கள். அங்கே விற்கிறவன் மாட்டைப் புகழ்வான். வாங்க நினைக்கிறவன்தான் பல்லைப் பிடித்துப் பார்த்துக் குறை சொல்வான். சர்வேயர் இத்தனை குறை சொல்கிறார் என்றால் மலையை அவரே வளைத்துப் போடப் பார்க்கிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஒச்சாண்டியின் தோட்டம் போனது. அம்மாவாசி உழவு மாடுகளையே ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். நாலு மாதமாக எதையும் விற்காமல் இருந்தவர் கருத்தக்கண்ணன் ஒருவர்தான். இரண்டு போகம் விளையும் அந்த வயலை விட்டால் அவருக்கும் முருகம்மாளுக்கும் கஞ்சிக்கு வேறு வழி கிடையாது. பெண்டாட்டி விடவில்லை போலிருக்கிறது என்றுதான் பொன்னுராஜ் நினைத்திருந்தார்.

"நாளையோட பங்கு முடியுதாம்யா. ஊர்ல எல்லாரும் வாங்கிட்டாக. நான் வயல வித்து வாங்கவா, வேணாமா?"

பொன்னுராஜ் வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தார். அதே பத்து, அதே மூன்று. உண்மையைச் சொல்லிச் சொல்லியே ஓர் ஊரைக் கெடுத்தாயிற்று. அவருக்கு மனசு மரத்துப் போயிருந்தது. சந்தை வழியிலேயே பேசி இந்த ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது.

முதல்முறையாக அவர் மலையைப் புகழ்ந்தார்.

"சந்தேகமே வேண்டாம். தோண்டுற எடமெல்லாம் காக்காப்பொன்தான். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

கருத்தக்கண்ணன் பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பெரிதாக மூச்சு விட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். இவரும் நம்பவில்லை, வயல் பிழைத்தது என்று பொன்னுராஜ் கட்டிலில் சாய்ந்தார்.

நாலடி போன கருத்தக்கண்ணன் நின்று சொன்னார்.

"ஊருல ஒங்கள நம்புனவன் நான் ஒருத்தன்தான்யா. நீங்க சொல்லட்டும்னுதான் இத்தன நாளும் விக்காம இருந்தேன்."