கழுவி வைத்த கார்

"பின்னேரம் பறிச்சுக்கொண்டு போகப்போற காருக்கு ஷாம்பு போட்டுக் கழுவுறாய். உனக்கென்ன விசரோ, நிக்கலஸ்?"

கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கைக்குள் நமசிவாயத்தாரின் குரல் எழும்பினால் நாலு யன்னல் திறக்கும். அன்றும் திறந்தன.

நிக்கலஸ் சில்லுகளைத் துடைத்தான். விமான நிலைய ஹயர் ஓடுவதற்கென்று லீசிங்கில் எடுத்த கார். ஹயர் படுத்துவிட்டது. தவணை கட்ட வழியில்லை. இன்று வருவதாகக் கம்பனிக்காரர் காலையில் சொல்லிவிட்டார்கள்.

நமசிவாயத்தார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதர். ஒழுங்கையில் அவருக்குத் தனி மரியாதை. அவரிடம் கையெழுத்து கேட்டவுடன் கிடைக்கும். ஆலோசனை கேளாமலே கிடைக்கும்.

"அப்பிடியே முழுசாக் குடுக்கப்போறியோ?"

"ஓம் அண்ணை. வடிவா இருந்தால் ஏலத்தில நல்ல விலைக்குப் போகும்."

"போனால் உனக்கென்ன?"

"விலை குறைஞ்சால் மிச்சக் கடன் ஆரின்ரையோ தலையில விழுமே."

"விழட்டும்! உன்னட்டை வந்து எதைப் பிடுங்கப்போறாங்கள்? வாளியையோ?"

யன்னல்களில் சிரிப்புக் கேட்டது. தண்ணீர் வாளியுடன் நின்ற மாக்ரெட் புருசனைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நீ உள்ளுக்குப் போ," என்றான் நிக்கலஸ்.

நமசிவாயத்தாரின் சட்டைப் பையில் நாதஸ்வரம் முழங்கியது. அது அவருடைய போன். எடுத்துப் பார்த்துவிட்டு வெட்டினார்.

"ரெண்டு மாதமா ஒரே நம்பர். கிரெடிட் கார்ட் விக்கிற கூட்டமாத்தான் இருக்கும். தெரியாத நம்பரை நான் எடுக்கிறதே இல்லை. இவங்களோட அப்பிடித்தான் நடக்கவேணும், விளங்குதோ? பொரளையில என்ரை மச்சான் என்ன செய்தவன் தெரியுமோ? சீட், பட்டரி, டயர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வெறுங்கூட்டைக் குடுத்தவன். கம்பனியால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு."

"இப்ப அவர் எங்கை அண்ணை?"

"அவன் கனடாவுக்குப் போயிட்டான்."

"எனக்குப் பாஸ்போட்டும் இல்லை," என்றான் நிக்கலஸ், பொனற்றைத் துடைத்தபடி.

"பகிடி விடாதை. ரோசமிருந்தால் லைட்டை உடை. உனக்குக் கை நடுங்குதெண்டால் விடு, நான் செய்யிறன்."

டிக்கியில் கிடந்த ஜக் கம்பியை அவரே எடுத்தார். நிக்கலஸ் குறுக்கே பாய்ந்தான்.

"அண்ணை, வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன்."

"தள்ளு! உனக்காகத்தானே செய்யிறன்."

முதல் அடியில் முன்லைட் போனது. அடுத்ததில் பக்கக் கண்ணாடி. மேல் வீட்டிலிருந்து யாரோ விசில் அடிக்க, அந்த உற்சாகத்தில் முன்கண்ணாடிக்கும் ஒன்று விழுந்தது. அது வலைபோல வெடித்தது. பொனற்றிலும் இரண்டு பள்ளம்.

"இப்ப வந்து கொண்டுபோகட்டும்," என்று கம்பியைக் கீழே போட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார் நமசிவாயத்தார். பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கம்பனி லொறி வந்தது. இறங்கிய இளைஞன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து படம் பிடித்தான்.

"அய்யே, யார் உடைச்சது? வேணுமெண்டு உடைச்சதெண்டா பொலிசுக்குப் போகும்."

நமசிவாயத்தார் ஒரு அடி பின்னே வைத்தார்.

"நான்தான்," என்றான் நிக்கலஸ். "ஆத்திரத்தில அடிச்சுப்போட்டன்."

"மோட்டு வேலை செஞ்சீங்க. சரி, பொலிசை விடுவம். ஒருகொடவத்தை ஏல யார்ட்ல இப்ப இதுக்கு இரும்பு விலைதான் கேப்பாங்க. இப்பிடிக் கழுவித் துடைச்ச மாதிரியே தந்திருந்தா உங்கட கடன் முழுக்க முடிஞ்சிருக்கும். இனி மிச்சத்தைப் பிணைக்குக் கையெழுத்து வச்சவர்கிட்டத்தான் எடுக்கணும். வழக்குப் போட்டு மாசா மாசம் சம்பளத்துல வெட்டுவாங்க."

பொலிஸ் பேச்சு விலகியதும் நமசிவாயத்தாருக்குக் குரல் திரும்பிவிட்டது.

"வெட்டுங்கோ தம்பி, நல்லா வெட்டுங்கோ! ஆருக்கு, என்னத்துக்கு எண்டு பாராமல் கையெழுத்து வைக்கிற மடையனுக்கும் புத்தி வரவேணும்."

"எங்க, அந்த மனுசன் போனை எடுக்கிறதே இல்லை, மாத்தயா. ரெண்டு மாசமா அடிக்கிறோம்."

"கள்ளன்! இப்ப அடிச்சுப் பாரும். எடுத்தால் என்னட்டைத் தாரும், நான் கதைக்கிறன்."

"சேர், விடுங்கோ," என்றான் நிக்கலஸ் இளைஞனிடம் அவசரமாக. "பிறகு அடிக்கலாம்."

"நீ சும்மா இரு! நீர் அடியும் தம்பி."

இளைஞன் அடித்தான்.

நமசிவாயத்தாரின் சட்டைப் பையில் நாதஸ்வரம் முழங்கியது.

அவர் போனைப் பார்த்தார். இளைஞனைப் பார்த்தார். பிறகு பொனற்றைப் பார்த்தார். மூன்று வருசத்துக்கு முன் ஒரு நத்தார் நாளில், ஒரு கையில் கேக்குடன், இதே பொனற்றின் மேல் வைத்துத்தான் அந்தப் பிணைக் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

நாதஸ்வரம் ஓயவில்லை.

நிக்கலஸ் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"உங்களுக்காகத்தான் அண்ணை காலமை துவங்கிக் கழுவிக்கொண்டு நிண்டனான்."