மாப்பிள்ளை வந்தாச்சு

மாப்பிள்ளை கதவை இடித்தபோது கல்யாணப் பெண் குழிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கிருஷ்ணம்மாள் நடத்தும் சிறுவர் காப்பகம் முன்பு பட்டுத் தறிக்கூடமாக இருந்தது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கத் தரையில் குழி வெட்டியிருப்பார்கள். தறியை விற்றுவிட்டார்கள், குழியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. இப்போது குழிமேல் பலகை, பலகைமேல் பாய், பாய்மேல் அஞ்சாங்கல் ஆடும் இரண்டு வாண்டுகள்.

கல்யாண வீட்டிலிருந்து பெண் ஓடிவந்ததுமே காவலாளி முனிசாமி போலீசைக் கூட்டிவரப் போயிருந்தான். அவன் நடையும் தெரியும், போலீசின் நடையும் தெரியும் என்பதால், கிருஷ்ணம்மாள் கதவுக்குக் குறுக்குக் கட்டையும் போட்டாள்.

"பயப்படாதே மங்கை. போன வருசம், அம்பத்தஞ்சுல, வந்த சட்டப்படி பொண்ணுக்குப் பதினஞ்சு ஆவணும், பையனுக்குப் பதினெட்டு. ஒனக்குப் பதினாலுதான? அந்தாளு தாலியோட வந்தாலும் கட்டக் கூடாது" என்று பாயைப் பார்த்து விளக்கினாள்.

"அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லம்மா. பெரிய மீசைன்னு மட்டும் சொன்னாங்க" என்றது பாய்.

வெளியே கூச்சல்: "கதவத் தொறம்மா! ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க!"

"எத்தினி ஆளு வந்தாலும் பொண்ணு இங்க இல்ல, போய்யா!"

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். ஒரு மாலையும் ஒரு மீசையும் தெரிந்தன. மீசை வியர்வையில் கரைந்து, கறுப்பாக மோவாய்வரை வழிந்துகொண்டிருந்தது. நல்ல சாயம் கொதிக்கிற தண்ணீருக்கே அசையாது; இது வியர்வைக்கே விடுகிறதே! நரையை மறைக்க மை பூசியிருக்கிற கிழம்!

"பேத்தி வயசுப் பொண்ணு கேக்குதாய்யா ஒனக்கு?"

"ஐயோ, பேசறதுக்கு நேரமில்லம்மா!"

அடுத்த இடியில் கட்டை தாங்கியது, கீல்தான் பெயர்ந்தது. கதவோடு மாலையும் உள்ளே விழுந்தது. எழுந்த முதுகில் கிருஷ்ணம்மாளின் துடைப்பம் இரண்டு முறை இறங்கியது.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தறிக்கூடத்தில் குழி எங்கே இருக்கும் என்று பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? வாண்டுகளை நகர்த்தினான், பாயைச் சுருட்டி எறிந்தான், பலகையைப் பிடுங்கினான்.

கூரைப்புடவையோடு குழிக்குள் ஒடுங்கியிருந்த மங்கை வீறிட்டாள்.

தெருமுனையில் கல்யாண வீட்டு ஆட்களின் இரைச்சல் கேட்டது. மாப்பிள்ளை குழிக்குள் குதித்தான்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு. எனக்குப் பதினாறுதான்!"