காவலுக்கு நொரீன்

"அடையாள அட்டையை யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம், கண்ணு. அப்படி ஓரமா நில்லு."

கிளினிக் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நொரீனுக்கு அறுபது வயது இருக்கும். ஆள் கிட்டத்தட்ட கதவு அகலம். சிட்னியிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்திருந்த சுகாதாரத் துறை அதிகாரி டெஸ்மண்ட், முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்டியபடி பல்லைக் கடித்தார்.

"உங்க கிளினிக்குக்கு அரசாங்கத்தோட பாதுகாப்பு நிதி கொடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்க வந்திருக்கேன்மா."

"வர்றவன் எல்லாம் ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுத்தான் வருவான்."

சொல்லிவிட்டு, அவருடைய துறைக்கே போன் போட்டாள். அங்கே வழக்கம்போல் பாட்டைப் போட்டுக் காக்கவைத்தார்கள். நாற்பது நிமிடம். அதுவரை அதிகாரி வெயிலில்தான் நின்றார்.

ஒருவழியாக அவர் உள்ளே வந்தபோது மேலாளர் கொலீன் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்த நிதி வராவிட்டால் நர்ஸ் ட்ரூடி வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுவாள். அவள் போனால் கிளினிக்கை மூட வேண்டியதுதான். அடுத்த நர்ஸ் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். இந்த லட்சணத்தில், பணம் கொடுக்க வந்த மனுஷனை வெயிலில் வறுத்தெடுத்தாயிற்று.

"மன்னிச்சுடுங்க டெஸ்மண்ட். முதல்ல ஒரு டீ குடிங்க."

டெஸ்மண்ட் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். "படிவம் இதுல இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன்."

போட விட்டால்தானே! நொரீனின் கை பின்னாலிருந்து நீண்டு அதைப் பிடுங்கியது.

"வெளிச்சாமான் எதுவும் எங்க கம்ப்யூட்டர்ல ஏறாது. ஊர்ல இருக்கறவங்க வியாதி பூரா அதுக்குள்ளதான் இருக்கு. காகிதத்துல எழுதிக்கோ. கொலீன் பாஸ்வேர்டு அடிக்கப்போறா, நீ அந்தப் பக்கம் திரும்பு."

அதிகாரி திரும்பினார். கொலீன் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

டெஸ்மண்ட் விண்ணப்பத்தைப் பிரித்தார். "போன மாசம் ஒருத்தர் ரொம்ப நேரம் காத்திருந்து, ஆத்திரத்துல நாற்காலியைத் தூக்கி எறிஞ்சு கண்ணாடியை உடைச்சதா எழுதியிருக்கீங்க. நர்ஸையும் மிரட்டியிருக்காங்க. சரி. ஆனா இப்படி ஒரு காவலாள் இருக்கறப்போ உங்களுக்கு எதுக்கு நிதி? பதினாறு இடம் பார்த்துட்டேன். சோதிக்கத்தான் அந்த பென் டிரைவையே கொண்டு போறேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தடுத்ததில்லை."

கொலீனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இவளுக்கு நாங்க சல்லிக்காசு கொடுக்கலை, டெஸ்மண்ட்! தானா வந்து நிக்கறா. திங்கட்கிழமை பண்ணைக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கறவங்க வர்றாங்க. அவங்களுக்குச் சமைக்கறதுதான் இவ பொழப்பு. இவ போயிட்டா வாசல் காலி."

டெஸ்மண்டின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? காவலாளுக்குச் சம்பளம், வாசலுக்கு நல்ல பூட்டு, கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு. மூணுக்கும் கையெழுத்துப் போடறேன்."

கொலீன் அவரைக் கட்டிப்பிடித்தே விட்டாள். காத்திருந்த நோயாளிகள் கைதட்டினார்கள். காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். நொரீன் மட்டும் சிவந்துபோன முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு நர்ஸ் ட்ரூடி ஊசியும் கையுமாக வெளியே வந்தாள். விஷயம் தெரிந்ததும் துள்ளிக் குதித்தாள்.

"அப்ப நான் எங்கயும் போகலை! ஆனா ஒரு நிபந்தனை. அந்த வேலைக்கு நொரீனைத்தான் போடணும். வேற யாரைப் போட்டாலும் நான் கிளம்பிடுவேன்."

"இவங்க மேல உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?" என்றார் டெஸ்மண்ட்.

ட்ரூடி நொரீனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

"இந்த ஊர்ல நான் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அன்னிக்கு அந்த நாற்காலியைத் தூக்கி எறிஞ்சவளும், மறுநாள் காலையிலயே வந்து, 'இனிமே எவனையும் உன்கிட்ட அண்ட விடமாட்டேன்'னு தேம்பித் தேம்பி அழுதவளும் இவதான்!"