பாதி படித்த நாவல்

துப்பறியும் ஆந்தை வரிசையில் புதிய நாவல் காட்டுக்கு வந்தது. முந்தையவற்றைவிட இருண்ட கதை. அணில் பாதிவரை படித்துவிட்டு, பயந்துபோய் மூடி வைத்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டது ஆமை.

பயத்தைக் காட்டிக்கொள்ள அணிலுக்கு மனமில்லை. "படு மோசம்! கொலைகாரன் கீரிதான்னு ஆரம்பத்திலேயே தெரிஞ்சுபோச்சு."

ஆமை அதைக் காடு முழுக்கச் சொன்னது. மறுநாள் கீரி குளத்துக்கு வந்ததும், மற்ற விலங்குகள் குட்டிகளை இழுத்துக்கொண்டு விலகிப் போயின. கீரிக்கு முகம் வாடிவிட்டது. காரணம் தெரிந்ததும் அந்த நாவலைத் தேடி வாங்கி, கடைசி வரிவரை படித்தது. பிறகு புத்தகத்தோடு நேராக அணிலின் மரத்தடிக்குப் போனது. ஆமையும் அங்கே இருந்தது.

"முழுசா படிச்சேன். அருமையான நாவல்," என்றது கீரி.

"கொலைகாரன் நீதானே?" என்று மேலிருந்து கேட்டது அணில்.

"கதையில பாதிக்கு அப்புறம் அந்தக் கீரியையே யாரோ கொன்னுடறாங்க."

"அப்போ கொலை செஞ்சது யாரு?" என்று ஆமை கழுத்தை நீட்டியது.

கீரி அண்ணாந்து அணிலைப் பார்த்துச் சிரித்தது. "அதைச் சொன்னா, ஆமையே, நாளையிலேருந்து நீ இந்த மரத்தடிக்கே வரமாட்டே."

அணில் விறுவிறுவென்று இறங்கி வந்தது.

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடேன்," என்றது.